ஓட்டை போட்டது யார்? – ஜேடர்பாளையத்துக் கல்லும் அரியலூர்ச் சிப்பியும்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'விலங்குலகம்' பாடம் தொடங்கும்போது நமக்கு முதலில் வந்து நிற்பவை துளையுடலிகள். கடற்பஞ்சு என்று சொன்னதும் எங்கள் ஜேடர்பாளையத்துப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது பாத்திரம் துலக்கும் மஞ்சள் ஸ்பான்ஞ். "அது உயிரோட இருந்துதுங்களா சார்?" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும். கடல் இங்கிருந்து வெகுதூரம். காவிரி இருக்கிறது, படுகை அணை இருக்கிறது, அங்கிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் இருக்கிறது. கடலில் வாழும் ஒரு விலங்கைக் காட்ட எங்களிடம் பாடநூல் படம் மட்டும்தான்.

அந்தக் குறையைப் போக்க நினைத்துத்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு தோட்டத்தில் புதிதாக மண் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் குவியலில் கைக்கு அடக்கமான ஒரு வெளிறிய கல் கிடந்தது. மேலெல்லாம் ஓட்டைகள். சில ஓட்டைகள் உள்ளே குழாய் போல ஓடின. பார்த்த உடனே பாடநூலில் உள்ள ஆஸ்டியா, கால்வாய் மண்டலம் எல்லாம் கண்முன் வந்தன. பள்ளிக்குக் கொண்டுவந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக்கல்! சுண்ணாம்புக்கல் என்றால் கடல். ஓட்டைகள் என்றால் கடற்பஞ்சு. ஆகவே இது கடற்பஞ்சின் புதைபடிவம். இப்படி மூன்றே படியில் முடிவுக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் எழுந்தாள். "சார், இது சுக்காங்கல்லுங்க. எங்க அப்பாரு கெணறு வெட்டறப்ப வண்டி வண்டியா எடுத்தாங்களாமுங்க."

"சுக்கான் கல் வேறம்மா, இது வேற" என்று உட்காரச் சொல்லிவிட்டேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. பள்ளி அறிவியல் கண்காட்சியில் அந்தக் கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடற்பஞ்சுப் படிவம்' என்று அட்டை எழுதி ஒட்டினோம். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. பலர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கோடை விடுமுறையில் நானும் ஓர் ஆசிரிய நண்பரும் துறையூர், பெரம்பலூர் வழியாக அரியலூர் போனோம். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்ப்பது திட்டம். பெருமைக்காக அந்தக் கல்லையும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். புவியியல் படித்த ஒருவர் அங்கே அறிமுகமானார். கல்லை வாங்கிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். கைலென்ஸ் வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "உங்கள் ஊரில் கடற்பஞ்சு கிடைக்க வழியே இல்லையே சார். இது சுக்கான் கல்" என்றார்.

வழியே இல்லை என்று அவர் சொன்னதற்கான காரணம் ஒவ்வோர் ஆசிரியருக்கும் பயன்படும். நாமக்கல், சேலம் பகுதியின் அடிப்படைப் பாறைகள் நைஸ், சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தவை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கடற்பஞ்சுகளின் உறுதியான தடயங்கள் உலகெங்கும் கேம்பிரியன் காலத் தொடக்கத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு இப்பால்தான் கிடைக்கின்றன. முசூரி மலைப்பகுதியின் தால் பாறைத் தொகுதியிலிருந்து சிலிக்காவால் ஆன கடற்பஞ்சு நுண்முட்களை இந்திய ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டார்கள். அவை அந்தத் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. எங்கள் ஊர்ப் பாறையோ அதற்கும் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் முந்தியது. போதாக்குறைக்கு அந்தப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, மறுபடி படிகமானது. அதற்குள் ஏதேனும் உயிரின் உருவம் இருந்திருந்தாலும் தப்பியிருக்காது. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் இப்படி வெந்து படிகமான சுண்ணாம்புக்கல்தான். அதை உடைத்துச் சிப்பி தேடிப் பயனில்லை.

அப்படியானால் என் கல் ஏன் பொங்கியது? மழைநீர் மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. வறண்ட நாட்களில் நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு மட்டும் மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகப் படிகிறது. இதுதான் சுக்கான். வேர்களைச் சுற்றிப் படியும்போது, வேர் மக்கிய பிறகு அந்த இடம் குழாய் போல ஓட்டையாக நிற்கும். நான் கால்வாய் மண்டலம் என்று காட்டியது ஏதோ ஒரு செடியின் வேர் இருந்த தடம். அமிலச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பொருளில் கார்பனேட் இருக்கிறது. சுக்கானும் பொங்கும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் பொங்கும், நத்தைக் கூடும் பொங்கும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு, முட்டை ஓட்டில் ஒரு முறை அமிலத்தை விட்டுப் பார்த்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும்.

அந்த மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது ஊகம் அல்ல. கிணறு வெட்டிய அனுபவம் உள்ள வீட்டிலிருந்து வந்த தகவல். நான்தான் அதைக் கேட்காமல் விட்டேன்.

அரியலூர்ப் பயணம் அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அந்தப் புவியியலாளர் ஒரு சிப்பியை எடுத்துக் கையில் கொடுத்தார். கிரிஃபியா என்ற வகை. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, நல்ல கனம். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் இவை குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள். டைனோசர்களின் கடைசிக் காலம். "உங்களுக்குக் கடற்பஞ்சுதானே வேண்டும்? இதைப் பாருங்கள்" என்றார். சிப்பியின் மேல் குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டைகள், கிட்டத்தட்ட சம இடைவெளியில், பரவலாக இருந்தன. "கடற்பஞ்சு எங்கே?" என்றேன். "அது போய்விட்டது. அது போட்ட ஓட்டை இருக்கிறது" என்றார்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பாடநூலில் இது இல்லை. கடற்பஞ்சுகளில் துளையிடும் வகைகள் உண்டு. கிளியோனா என்ற பேரினம் இவற்றில் புகழ்பெற்றது. இதன் இளவுயிரி ஒரு சிப்பியின்மீதோ பவளத்தின்மீதோ ஒட்டிக்கொள்ளும். அதன் செல்கள் அமிலத்தன்மையுள்ள பொருளைச் சுரந்து சுண்ணாம்பை அரித்து, கண்ணுக்கே தெரியாத சிறு சில்லுகளாகப் பெயர்த்தெடுக்கும். கரண்டியால் வெல்லத்தைச் சுரண்டுவது போல. பெயர்த்த சில்லுகள் வெளியேறும் நீரோட்டத்தோடு போய்விடும். இப்படியே ஓட்டுக்குள் அறை, அடுத்து இன்னோர் அறை, இடையில் குறுகிய வழி என்று மணிமாலை போல வீடு கட்டிக்கொள்ளும். சிப்பியை அது தின்பதில்லை. மாணவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் தவறுவார்கள். அதன் உணவு எப்போதும் போல நீரில் வரும் நுண்துகள்தான். ஓடு அதற்குப் பாதுகாப்பான வீடு, அவ்வளவே. மேலே தெரியும் வட்ட ஓட்டைகள் நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் உள்ள வாசல்கள். பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிறு கடற்பஞ்சு நாளொன்றுக்கு 22.5 லிட்டர் நீரை வடிகட்டும் என்பது விலங்கியல் நூல்களில் பழைய கணக்கு. ஒரு தண்ணீர்க் கேனைவிட அதிகம்.

கடற்பஞ்சின் உடல் படிவமாவது அரிது. மென்மையான பகுதி அழுகிவிடும். எலும்புச் சட்டகமாக இருக்கும் நுண்முட்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. எனவே அவை உதிர்ந்து சேற்றில் கலந்துவிடும். சிலிக்கா முட்கள் காலப்போக்கில் கரைந்து, வேறோர் இடத்தில் செர்ட் என்னும் கடினக் கல்லாகப் படியவும் கூடும். ஆனால் கடினமான கால்சைட் ஓட்டில் போட்ட ஓட்டை அப்படிக் கரைவதில்லை. ஓடு இருக்கும்வரை ஓட்டையும் இருக்கும். இப்படி உயிரி விட்டுச்சென்ற செயலின் அடையாளத்தைத் தடப்படிவம் என்பார்கள். கிளியோனா போன்றவை போட்ட ஓட்டைகளின் தடப்படிவத்துக்கு எண்டோபியா என்று பெயர். துளையுடலிகள் என்ற தமிழ்ப் பெயர் தன் உடலில் துளை உள்ளவை என்பதற்காக வைத்தது. பிறர் உடலில் துளை போடுவதற்கும் பொருந்தும் என்று நண்பர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

உடலோடு கிடைத்த கடற்பஞ்சுகளும் உண்டு. திருச்சி, அரியலூர்ப் பகுதிக் கிரிட்டேசியப் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு 1850-களின் இறுதியில் ஆய்வு செய்தார். அதில் சேகரித்த உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தவர் ஃபெர்டினாண்டு ஸ்டாலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1838-இல் பிறந்தவர். நான்கு தொகுதிகள். 1873-இல் வந்த கடைசிப் பகுதியில்தான் பவளங்களோடு சேர்த்துக் கடற்பஞ்சுகளுக்கும் இடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே, யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் காலமானார். வயது 36. அம்மோனைட்டுகளுக்கு அவர் கொடுத்த பக்கங்களோடு ஒப்பிட்டால் கடற்பஞ்சுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அழகான சுருள் ஓடு முதலில் கண்ணில் படுகிறது. ஓட்டையைப் பார்க்கத்தான் ஆள் குறைவு.

சிப்பியில் உள்ள எல்லா ஓட்டையும் கடற்பஞ்சு போட்டதுதானா? ஒரு முறை சூடுபட்டவன் ஆகையால் இந்தக் கேள்வியை அங்கேயே கேட்டேன். இல்லை என்றார். நத்தை வகைகள் சிப்பியின் சதையைத் தின்ன ஒரே ஒரு ஓட்டை போடும். வட்டமாக, சுத்தமாக, பெரும்பாலும் ஓட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும். புழு போட்டது நீளமான மெல்லிய குழாய், கிளை அறைகள் இராது. துளைக்கும் சிப்பிகள் போட்டது வாய் குறுகி அடி பருத்த குடுவை போல, அளவில் பெரிது. கடற்பஞ்சு போட்டதென்றால் மேலே பல சிறு வாசல்கள், உடைத்துப் பார்த்தால் உள்ளே இணைந்த அறைகள். இதில் இன்னொரு பொறியும் உண்டு. கிரிஃபியாவுக்கு நெருங்கிய சில சிப்பிகளின் ஓட்டு அடுக்கே தேனடை போல நுண்ணறைகள் கொண்டது. அது சிப்பி தானே கட்டியது. யாரும் துளைக்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த அறைகள் ஓட்டின் அடுக்குகளுக்கு இணங்கி அமைந்திருப்பது தெரியும். கடற்பஞ்சின் அறைகளோ அடுக்குகளை வெட்டிக்கொண்டு போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கேள்விதான். கடற்பஞ்சு வந்தபோது சிப்பி உயிரோடு இருந்ததா, செத்துப்போயிருந்ததா? ஓட்டின் உள்பக்கம், அதாவது சதை ஒட்டியிருந்த வழுவழுப்பான பக்கம், அங்கே வாசல்கள் இருந்தால் சிப்பி ஏற்கெனவே இறந்து திறந்து கிடந்திருக்க வேண்டும். சதை இருக்கும்போது அங்கே யாரும் குடியேற முடியாது. வெளிப்பக்கம் மட்டும் ஓட்டை, உள்பக்கம் புதிதாகச் சுண்ணாம்பு பூசித் தடித்த மேடு என்றால், உயிரோடு இருந்த சிப்பி உள்ளிருந்து சுவரை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஓட்டை நிறைந்த சிப்பிகள் மிகுந்திருந்தால், அவை கடல்தரையில் சேறு மூடாமல் நெடுநாள் கிடந்தன என்று பொருள். அதாவது அங்கே மண் மெதுவாகப் படிந்தது. ஒரு ஓட்டையிலிருந்து 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடியின் நிலையைச் சொல்லிவிடலாம்.

இந்தக் கதை முடிந்துபோன கதையும் அல்ல. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இன்றும் கடற்பஞ்சுகள் செழிப்பாக உள்ளன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.ஏ. தாமஸ் இப்பகுதியிலிருந்து 275 இனங்களைப் பட்டியலிட்டார். முத்துச்சிப்பிகளைத் துளைத்து ஓட்டைப் பலவீனமாக்குபவை இந்தக் கிளியோனா வகைகளே. இலங்கை முத்துக்குளிப்புப் பார்களில் சேகரித்த கடற்பஞ்சுகளைப் பற்றி ஆர்தர் டெண்டி 1905-இல் எழுதிய அறிக்கை இன்றும் அடிப்படை நூலாக உள்ளது. ராமேஸ்வரம், தூத்துக்குடி போய் வந்தவர்கள் வாங்கி வரும் சங்கு, சிப்பிகளில் ஓட்டை விழுந்ததை யாரும் விரும்புவதில்லை. கடைக்காரர் ஒதுக்கிவைப்பதைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அந்த வகுப்புக்குப் போனேன். அவர்கள் இப்போது பத்தாம் வகுப்பு. கல்லை மேசையில் வைத்து, நான் சொன்னது தவறு என்றேன். எப்படித் தவறினேன் என்பதையும் படிப்படியாகக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. "அப்ப அவ சொன்னதுதாங்களே சார் சரி?" என்றான் ஒருவன். ஆமாம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிரித்தாள்.

அதன்பின் நாங்கள் செய்த செயல்பாடுகளில் நன்றாக வந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, தாழ்வாரத்தில் 25 மீட்டர் கயிறு. ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டுகள். ஒரு முனை இன்று, மறுமுனை எங்கள் ஊர்ப் பாறை. இன்றிலிருந்து 5.4 மீட்டரில் முதல் கடற்பஞ்சு முட்கள். 70 சென்டிமீட்டரில் அரியலூர்ச் சிப்பி. மூன்று லட்சம் ஆண்டு வயதுள்ள நம் மனித இனத்துக்கு 3 மில்லிமீட்டர். சுக்கான் கல்லை எங்கே வைப்பது என்று கேட்டபோது, அதே மாணவிதான் மனிதனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஊர்ப் பாறையிலிருந்து கடற்பஞ்சுவரை வெறும் கயிறாக நீண்டு கிடந்த அந்த இருபது மீட்டரைப் பிள்ளைகள் நடந்தே கடந்தார்கள். நான் விளக்கவே தேவைப்படவில்லை.

இரண்டாவது, 'ஓட்டை போட்டது யார்?' வீட்டிலிருந்து ஓட்டையுள்ள எதையும் கொண்டுவரச் சொன்னோம். சுக்கான் கல், செங்கல் துண்டு, கரையான் அரித்த மரம், வண்டு துளைத்த மூங்கில், பழைய சிப்பி, பாத்திரம் துலக்கும் ஸ்பான்ஞ், ஒரு துண்டு பரோட்டா கூட வந்தது. ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விக்கு விடை எழுத வேண்டும். ஓட்டைகள் ஒரே அளவா? உள்ளே ஒன்றோடொன்று இணைகின்றனவா? பொருள் உருவானபோதே வந்ததா, பிறகு வந்ததா? மூன்றாவது கேள்வியில்தான் சண்டை நடந்தது. நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அமிலச் சோதனையை ஆசிரியரே செய்து காட்டுவது நல்லது. நீர்த்த அமிலம், கண்ணுக்குப் பாதுகாப்பு, அருகில் ஒரு குவளைத் தண்ணீர். முட்டை ஓட்டை முதலிலும் சுக்கானை இரண்டாவதாகவும் சோதியுங்கள். வரிசை முக்கியம்.

அரியலூருக்கு மாணவர்களை அழைத்துச்செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வாரணவாசி அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். சுரங்கப் பகுதிகளுக்கு முன் அனுமதி வேண்டும். படிவங்களைப் பெயர்த்தெடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்தால் அளவும் பதிவாகிவிடும். எங்கள் பிள்ளைகள் எடுத்த படங்களில் உள்பக்க ஓட்டை கொண்ட சிப்பிகளே அதிகம் இருந்தன. அதற்கு என்ன பொருள் என்பதை அவர்களே பேருந்தில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கடற்பஞ்சுகள் கடலில் மட்டும் வாழ்வதில்லை. ஸ்பாஞ்சில்லா போன்ற நன்னீர் வகைகள் நம் நாட்டு ஆறு, குளங்களில் கற்களிலும் குச்சிகளிலும் மெல்லிய பூச்சு போல ஒட்டி வளரும். நெல்சன் அன்னன்டேல் 1911-இலேயே இந்திய நன்னீர்க் கடற்பஞ்சுகளைப் பற்றி நூலில் எழுதியிருக்கிறார். நீர் வற்றும்போது ஜெம்யூல் எனப்படும் சிறு உருண்டைகளாகத் தாக்குப்பிடித்து, நீர் வந்ததும் மறுபடி முளைக்கும். ராஜா வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தும் நாட்களில் கரைக் கற்களைப் புரட்டிப் பார்க்கிறோம். தண்ணீர் ஓடும் நாட்களில் யாரும் இறங்கக் கூடாது என்பது எங்கள் விதி. இரண்டு முறை தேடியாயிற்று. நத்தை முட்டை, பாசி, ஒரு பழைய சாவி கிடைத்தன. கடற்பஞ்சு இன்னும் கிடைக்கவில்லை. அந்த மாணவி பள்ளியை முடித்துப் பரமத்தி வேலூரில் மேல்நிலை படிக்கிறாள். வாய்க்கால் அடைத்ததும் சொல்லுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

கண்ணாடிப் பெட்டி இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது. கல்லும் அதேதான். அட்டையை மட்டும் அவளே மாற்றி எழுதிக் கொடுத்தாள்: 'சுக்கான் கல். ஓட்டை போட்டது: வேர்.'